தங்கவயலில் மூன்று பள்ளிகள்

பெங்களூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் பங்காரப்பேட்டை என்றொரு சந்திப்பு உண்டு. விரைவு வண்டிகளில் பிரயாணம் செய்வோர் அங்கே ஒரு குவளை தேநீர் அருந்திவிட்டு மேலே சென்றுவிடுவர். அங்கிருந்து பிரிந்து செல்லும் சிறு கிளைப்பாதை ஒன்றை அவர்களிற் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். 1894-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாதை கோரமண்டல், உரிகாம், சாம்பியன் ஆகிய நிலையங்களைத் தொட்டு மாரிக்குப்பத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் வண்டி செல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தங்கம் அங்கேதான் இருந்தது.

கோலார் தங்கவயலின் வரலாறு நம் நேயர்களிற் பலர் அறிந்ததே. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்க வேலையை மேற்கொண்டதும் வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து நம் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கியது. 1956-இல் மைசூர் அரசினர் சுரங்கங்களை ஏற்றனர். பின்னர் அவை மத்திய அரசின் கைக்கு மாறின. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை மலைபோற் குவிந்த சயனைடு மண்மேடுகளும், வரிசை வரிசையான லைன் வீடுகளும், பொழுது புலருமுன் பெங்களூருக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ரயில் வண்டிகளுமே.

இவ்வூரில் நம் பேத்திக்கு ஒரு பள்ளிக்கூடம் தேடிய கதையையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

நம் தகப்பனார் சாம்பியன் சுரங்கத்துத் தொழிலாளி. நாம் லைன் வீட்டிலே பிறந்து, அருகிலிருந்த தமிழ்ப் பள்ளியிலே படித்து, இருபதாவது வயதில், 1978-இல், பிழைப்பை நாடிப் பெங்களூர் சென்றோம். நாற்பது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தும் கன்னடம் பேசக் கற்றோமேயன்றி எழுதப் படிக்கக் கற்றோமில்லை. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப்பெயரைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுவோம். வேலை பார்த்த இடத்தில் மேற்பார்வையாளர் பதவிக்கு ஒருமுறை நம் பெயர் அடிபட்டது. தினசரிக் குறிப்பைக் கன்னடத்தில் எழுத வேண்டும் என்றார்கள். பதவி வேறொருவருக்குச் சென்றது. குறை நம்முடையதே, பிறரை நோவதற்கில்லை.

அந்தச் சூட்டினால் நம் மகனை ஆங்கிலப் பள்ளியிலே சேர்த்தோம். அவன் நன்றாகவே படித்தான். ஆனால் தமிழ் அவனுக்குப் பேச்சோடு நின்றுவிட்டது. நம் தகப்பனார் பெங்களூருக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. பாட்டனார் எழுதியவற்றில் ஒரு வரியைக்கூடப் படிக்கப் பேரனால் இயலவில்லை. ஆக, நமக்கு ஊரின் எழுத்து இல்லை. நம் மகனுக்கு வீட்டின் எழுத்து இல்லை. இந்நிலையிலே மூன்றாம் தலைமுறை, ஆறு வயதை எட்டிப்பிடித்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிப் பழகிக்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்றதும் நாமும் மனைவியும் தங்கவயலுக்கே திரும்பிவிட்டோம். பெங்களூர் வாடகைக்கு அஞ்சி மகனும் குடும்பத்தோடு வந்து சேர்ந்துகொண்டான். அவன் இருட்டில் வண்டியேறி இருட்டில் வீடு திரும்புகிறவன். தனியார் பள்ளியொன்றில் விசாரித்தபோது அவர்கள் கேட்ட தொகை அவனுடைய இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்குவதாக இருந்தது. ஆகவே அரசுப் பள்ளி என்பது முடிவாயிற்று. எந்த அரசுப் பள்ளி என்பதிலேதான் வீட்டில் நான்கு பேருக்கு நான்கு அபிப்பிராயங்கள்.

“பேசிக்கொண்டே இருந்தால் ஆகாது, மாமா. மூன்று பள்ளிகளையும் நேரிலே போய்ப் பார்த்துவிடுவோம்” என்றாள் மருமகள்.

புறப்படுமுன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியராகிய நண்பர் ஒருவரிடம் யோசனை கேட்டோம். அவர் நான்கு காரியங்களைச் சொன்னார். குழந்தையைக் கையிற் பிடித்துக்கொண்டு வீட்டிலிருந்து பள்ளிவரை நடந்தே செல்ல வேண்டும். குடிநீரையும் கழிப்பறையையும் பார்க்க வேண்டும். வகுப்பறைக்குள் உள்ள பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் நாமே எண்ண வேண்டும். கடைசியாக, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை ஒரு பக்கம் படிக்கச் சொல்லி, படித்ததைத் தன் சொந்த வார்த்தையிற் சொல்லச் சொல்ல வேண்டும். “இந்த நான்கையும் பார்த்த பிறகு கட்டடத்தின் சுண்ணாம்பைப் பாருங்கள்” என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அவரே விளக்கினார். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஆரம்பப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். பள்ளி எவ்வளவு சிறியதாயினும் இரண்டு ஆசிரியர்களேனும் வேண்டும். ஒன்று முதல் ஐந்து வகுப்புகள் வரையிலான பள்ளி, குழந்தை நடந்து செல்லக்கூடிய ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தையொட்டிய விதி. இவற்றைக் குறித்துக்கொண்டு, 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பேத்தியும் மருமகளும் நாமுமாக மூன்று நாட்கள் மூன்று பள்ளிகளுக்குச் சென்று வந்தோம்.

முதல் நாள் சென்றது ஆங்கில வகுப்புகள் நடக்கும் அரசுப் பள்ளி. கர்நாடக அரசினர் 2019-20-ஆம் கல்வியாண்டில் ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவைத் தொடங்க அனுமதித்தனர். அத்தகைய பிரிவு ஒன்று ராபர்ட்சன்பேட்டைப் பக்கத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சென்றோம். கடைவீதியைக் கடந்து, லாரிகள் ஓடும் சாலை ஒன்றையும் தாண்ட வேண்டியிருந்தது. பேத்தி இரண்டு முறை “இன்னும் எவ்வளவு தூரம், தாத்தா?” என்றாள்.

பள்ளி கலகலப்பாக இருந்தது. கழிப்பறை சுத்தம், குடிநீருக்குக் குறைவில்லை. முதல் வகுப்பில் நாற்பத்துமூன்று பிள்ளைகளை எண்ணினோம். இடம் போதாமற் சிலர் சுவரோரம் நின்றிருந்தனர். மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் ஆங்கிலப் பக்கத்தை மதகு திறந்த தண்ணீர்போல் மளமளவென்று படித்தான். நமக்கே வியப்பாக இருந்தது. “இதில் என்ன சொல்லியிருக்கிறது, தம்பி?” என்றோம். அவன் நம்மைப் பார்த்தான். பின்பு ஆசிரியையைப் பார்த்தான். பின்பு தரையைப் பார்த்தான்.

அந்த அம்மையார் ஒளிவுமறைவின்றிப் பேசினார். தாமும் கன்னடவழியிற் படித்தவர் என்றும், ஆங்கிலவழிக்கென்று சில நாட் பயிற்சியே கிடைத்தது என்றும், பிள்ளைகளின் வீடுகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் இருக்க, வகுப்பறையில் மட்டும் ஆங்கிலம் இருக்கிறது என்றும் சொன்னார். “பெற்றோர் கேட்கிறார்கள், நாங்கள் முயல்கிறோம்” என்று முடித்தார். அவருடைய உழைப்பிற் குறை காண நாம் யார்? வழி நெடுகப் பேத்தி வாய் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் கன்னடப் பள்ளி. பெரிய சாலை இல்லை. ஆயினும் நடை பதினைந்து நிமிஷம் பிடித்தது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் வட்டம் வட்டமாக அமர்ந்து அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தனர். ஆசிரியர் பற்றாக்குறை போலும் என்றெண்ணி வருந்தினோம். பிறகே அது ‘நலி-கலி’ என்னும் முறை என்று தெரிந்தது. ஆடிப்பாடிக் கற்பது என்பது அதன் பொருள். 1995-இல் மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவன கோட்டைப் பகுதியில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய முறை. வகுப்பு வேறுபாடின்றிக் குழந்தைகள் கலந்து உட்கார்ந்து, தத்தம் வேகத்திற்கேற்ப ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறுகின்றனர். ஒரே அறையில் மூன்று வகுப்புகள் இருப்பது எப்போதும் வறுமையின் அடையாளமன்று என்பதை அங்கே கற்றோம்.

முப்பத்தொரு பிள்ளைகளுக்கு அவ்வறையில் ஓர் ஆசிரியை. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒரு பக்கத்தைத் தட்டித் தடவிப் படித்தாள். கேட்டதும், பாடத்தில் இல்லாத தன் வீட்டு எருமையையும் சேர்த்துக் கதையாகவே சொல்லிவிட்டாள்.

அந்நேரத்திற் பிள்ளைகளுக்குப் பால் வந்தது. 2013-இல் இம்மாநிலத்துப் பள்ளிகளில் ஏற்பட்ட திட்டம் அது. ஆசிரியை நம் பேத்தியிடமும் ஒரு குவளையை நீட்டி, “ஹாலு” என்றார். குழந்தை விழித்தது. குவளைக்குள் எட்டிப் பார்த்து, “பால்!” என்றது. “ஹாலு, பால்” என்று ஆசிரியை சிரித்து, பக்கத்திலிருந்த பூவைக் காட்டி “ஹூவு” என்றார். “பூவு” என்றது குழந்தை. பத்து விரல்களையும் விரித்து “ஹத்து” என்றதும் “பத்து!” என்று கூவிற்று. ஐந்து நிமிஷத்தில் ஓர் ஆசிரியை நமக்குக் காட்டிய இவ்வுறவை நாற்பது ஆண்டுகளில் நாமாகக் கண்டுகொள்ளவில்லையே என்று நாணினோம். அங்கேயே சேர்த்துவிடலாம் என்று அன்றிரவு நாம் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம்.

மூன்றாம் நாள் தமிழ்ப் பள்ளி. நம் வீட்டிலிருந்து நானூறு அடிவைப்பு. சாலை கடக்க வேண்டியதில்லை. கூரையோட்டில் நான்கைந்து உடைந்திருந்தன. கழிப்பறை சுத்தமாக இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்துப் பதினான்கு பிள்ளைகள். முதல் வகுப்பில் ஒரே ஒரு சிறுவன். ஆசிரியைகள் இருவரில் ஒருவர் வாரத்தில் இரண்டு நாட்கள் வேறு பள்ளிக்கு அனுப்பப்படுவதாகச் சொன்னார்கள். மருமகளின் முகம் சுருங்கியதைக் கவனித்தோம்.

மூன்றாம் வகுப்பிலே இருவர். அவருள் ஒரு சிறுவன், கர்நாடக அரசினர் அச்சிட்ட தமிழ்ப் பாடநூலைத் திறந்து, கிணற்றையும் நிலத்தடி நீரையும் பற்றிய ஒரு பக்கத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தான். பிறகு தன் வார்த்தையில் அதைச் சொன்னான். சொல்லிவிட்டுத் தானாகவே, “எங்கள் தாத்தாவும் பூமிக்குள்ளே போனவர்தான்” என்றான்.

அப்போது நம் பேத்தி, மூன்று நாட்களில் முதன்முறையாக, ஓர் ஆசிரியையைப் பார்த்துக் கேள்வி கேட்டாள்: “சுரங்கத்துக்குள்ளேயும் தண்ணீர் இருக்குமா, டீச்சர்?”

“அது எனக்குத் தெரியாதே, கண்ணு. உன் தாத்தாவைக் கேட்போமா?” என்றார் அந்த ஆசிரியை.

தெரியாது என்று சொல்லும் ஆசிரியரை நாம் நம் பள்ளி நாட்களில் கண்டதில்லை. பதினான்கு பிள்ளைகளும் நம்மைச் சூழ்ந்துகொண்டனர். வேலை நடந்த காலத்தில் இரவும் பகலும் பம்புகள் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டே இருந்ததையும், சுரங்கம் மூடி அவை நின்ற பிறகு நம் தகப்பன்மார் நடந்த அந்தப் பாதைகளில் தண்ணீர் நிறைந்துவிட்டதையும் சொன்னோம். அரை மணி நேரம் கேள்வி மேல் கேள்வி. மணி அடித்தும் யாரும் எழவில்லை.

அன்றிரவு மகன் வந்ததும் வீட்டில் ஆலோசனை நடந்தது. அவனுடைய ஆட்சேபம் நியாயமானது. “ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு என்ன செய்வது, அப்பா? அதுவரையேனும் அந்தப் பள்ளி இருக்குமா?”

நாம் சட்டம் பேசினோம். 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்ப நிலையில் தாய்மொழிக் கல்விக்கான வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. அதற்கும் முன்னரே, 1949-இல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள், பள்ளி முழுவதிலும் நாற்பது பிள்ளைகளோ ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளோ இருந்தால் அவர்கள் மொழியிற் கற்பிக்க ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். இங்கே இருப்பவர் பதினால்வர். நம் பேத்தியைச் சேர்த்தாற் பதினைவர். “நம்மவர் ஒவ்வொருவரும் இப்படி ஒதுங்கிக்கொண்டால் பள்ளி எப்படி நிலைக்கும்? நாமாவது சேர்க்க வேண்டும்” என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டோம்.

மருமகள் சோறு பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றுவதற்காகப் பிள்ளையைச் சேர்ப்பதா, மாமா? சுவருக்கு முட்டுக்கொடுக்க என் பெண் என்ன செங்கல்லா?”

நமக்கு மறுமொழி இல்லை. சங்க மேடைகளில் தாய்மொழிக்காக எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். கைதட்டியவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று நாம் கேட்டதில்லை. நம் பிள்ளை எங்கே படித்தான் என்று நம்மை எவரும் கேட்டதுமில்லை. நம் காலத்துத் தவறுக்குப் பரிகாரமாக ஒரு குழந்தையைக் காணிக்கை செலுத்தப் பார்த்தோம் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

சிறிது நேரம் கழித்து அவளே பேசினாள். “பள்ளிக்காக வேண்டாம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். முதல் நாள் இவள் பேசவே இல்லை. இரண்டாம் நாள் டீச்சர் கேட்டதற்குப் பதில் சொன்னாள். மூன்றாம் நாள் இவளே கேள்வி கேட்டாள். கேள்வி கேட்கிற இடத்தில்தான் இவள் படிப்பு தொடங்க வேண்டும். கன்னடத்துக்கு நாம் என்ன செய்யப் போகிறோம் என்று மட்டும் இன்றைக்கே முடிவு செய்யுங்கள்.”

அப்படியே முடிவாயிற்று. ஜூன் மாதத்தில் தமிழ்ப் பள்ளியிற் சேர்த்தோம். அங்கே கன்னடமும் ஒரு பாடமாக உண்டு. அது போதாதென்று, மூன்றாவது வீட்டிலுள்ள கன்னட அம்மையாரிடம் மாலைதோறும் அவள் சென்று வர ஏற்பாடு செய்தோம். அவருடைய பேரனுக்கு நாம் கணக்குச் சொல்லிக்கொடுப்பது அதற்கு ஈடு. மருமகள் பள்ளி வளர்ச்சிக் குழுவிலே சேர்ந்தாள். முதற் கூட்டத்திலேயே தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டாள். மறு வாரம் தாழ்ப்பாள் வந்தது. வாரத்தில் இரண்டு நாட்கள் ஆசிரியை வெளியே செல்வதைப் பற்றியும் கேட்டாள். அதற்கு விடை வர ஓராண்டு ஆயிற்று.

இது 2025-ஆம் ஆண்டு. பேத்தி மூன்றாம் வகுப்பிலே படிக்கிறாள். எல்லாம் இனிமையே என்று எழுதினால் நேயர்களை ஏமாற்றியவராவோம். அவள் வகுப்பிலே வேறு பெண் குழந்தை இல்லை. தோழி வேண்டும் என்று சில நாள் அழுதிருக்கிறாள். கன்னட எழுத்து அவளுக்கு மெதுவாகவே வருகிறது. க என்னும் ஒரே எழுத்தைப் பல ஒலிக்கு வைத்துப் பழகியவளுக்கு, அங்கே நான்கு எழுத்துகள் தனித்தனியே நிற்பது பெரும் தொல்லை. பள்ளியின் எண்ணிக்கை பதினாறு. ஐந்தாம் வகுப்புவரை அது இருக்குமா என்ற மகனுடைய கேள்விக்கு இன்றும் நம்மிடம் விடை இல்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தகரப் பெட்டியைத் திறந்து, நம் தகப்பனார் 1979-இல் எழுதிய கடிதம் ஒன்றை அவள் கையிற் கொடுத்தோம். விரலை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படிக்கத் தொடங்கினாள். ‘வேலை’ என்ற சொல்லில் தட்டி நின்றாள். அந்த லையைத் தும்பிக்கை போட்டுப் பழைய முறையில் எழுதியிருந்தார் கிழவர். 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் சுரங்கத்து லைனை எட்டியிருக்கவில்லை. அந்த எழுத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தோம். மற்றதையெல்லாம் அவளே படித்தாள். நம் மகன் வாசற்படியில் உட்கார்ந்து, தன் பாட்டனாரின் குரலை முதன்முறையாகக் கேட்டான்.

சம்பளம் வந்த செய்தி, அம்மாவின் முழங்கால் வலி, கூரை ஒழுகுவது எல்லாம் சொன்ன பிறகு கடைசியில் இரண்டு வரி இருந்தது. அந்த ஊர் எழுத்தைக் கற்றுக்கொள், பேச்சு மட்டும் போதாது, பின்னால் கஷ்டப்படுவாய் என்று எழுதியிருந்தார். நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு நாமே படித்து, மடித்து, பெட்டியில் வைத்துப் பூட்டிய வரிகள் அவை.

வெளியூரில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகளைச் சேர்க்குமுன் உங்கள் ஊரிலுள்ள அரசுப் பள்ளிகளை ஒருமுறை நடந்து சென்று பாருங்கள். குழந்தையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நமக்குப் பொருந்தியது உங்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டோம். கன்னடப் பள்ளியிலே உங்கள் குழந்தை கேள்வி கேட்குமானால் அங்கேயே சேருங்கள். தமிழை வீட்டிலே கொடுங்கள். எந்தப் பள்ளியும் ஒரு பாதியைத்தான் தரும். மறு பாதிக்கு வீட்டில் யார் பொறுப்பு என்பதைச் சேர்க்கும் நாளிலேயே பேசி முடித்துவிடுங்கள். நம் வீட்டிலே இரண்டு தலைமுறை பேசாமல் விட்டது அதுதான்.

இப்போது மாலை வேளைகளில் நாமும் ஒரு சிலேட்டை எடுத்துக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குச் செல்கிறோம். க நான்கும் நமக்கும் குழப்பமாகவே இருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேத்தி, நாம் எழுதியதைத் தன் விரலால் அழித்துவிட்டு, “இன்னொரு தரம் எழுதுங்கள், தாத்தா” என்கிறாள்.